கடைசி இடத்துப் பள்ளி

வட்டாரத்துப் பள்ளிகளின் தேர்ச்சி விவரங்களைக் கணினியில் அலசியதில் கணவருக்குக் கண் பூத்துப்போனது.

"கடைவீதிப் பள்ளி தொண்ணூத்தொன்பது சதவீதம். எல்லாம் டாக்டர், வக்கீல் வீட்டுப் பிள்ளைங்க. இடமும் இருக்கு. கண்ணை மூடிக்கிட்டுச் சேர்ந்துடலாம்."

"எனக்கு ரயில்வே கேட் பள்ளிதான் பிடிச்சிருக்குங்க," என்றாள் மனைவி.

"அது கடைசி இடம்! நாற்பதே சதவீதம். பாதிப் பிள்ளைங்க வேலை தேடி ஊர் ஊராப் போறவங்க வீட்டுப் பிள்ளைங்க."

"அவங்களுக்கு மூளை மட்டும் கம்மியா?"

"விளையாடாதே. எதிர்காலம்னு ஒண்ணு இருக்கு."

"அதைத்தான் நானும் பார்க்கிறேன்."

அன்றுதான் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு பெற்றிருந்த மனைவி கண் சிமிட்டினாள்.

"கடைவீதியில ஒரே ஒரு பிள்ளை ஃபெயிலானாலும் என் தலைதான் உருளும். கேட் பள்ளியில பத்துப் பேர் கூடுதலாப் பாஸானாலே மாலை எனக்குத்தான்!"