மாறாமல் மிஞ்சியது

இழுத்த பிறகுதான் கை கூசியது.

மாஸ்க் ஆசிரியையின் விரல்களில் தொங்கியது.

எதிரே தங்கேஸ்வரி. பிளஸ் டூ மாணவி. விலங்கியல் வகுப்பில் வாய்க்குள் எதையோ மெல்லுகிறாள் என்று நினைத்துத்தான் இழுத்தாள்.

அவள் மெல்லவில்லை.

தாடையில் கருகருவென்று முடி. பிளேடு கீறிய சிவப்பு.

பின் பெஞ்சில் ஒருத்தி சிரித்தாள். பிறகு வகுப்பே சிரித்தது.

ஆசிரியை மாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தாள். தங்கேஸ்வரி அதை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

நாற்பது பேர் முன்னால் செய்தது. நாற்பது பேர் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வாய் வரவில்லை.

கரும்பலகைக்குத் திரும்பினாள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்று எழுதியிருந்தது. ஒன்று சிறுமியைப் பெண்ணாக வளர்ப்பது. மற்றது கருப்பையைக் கருவுக்குத் தயார் செய்வது. வருடா வருடம் அதோடு நிறுத்திவிடுவாள். அவை எப்படி உண்டாகின்றன என்பதை நடத்தியதே இல்லை. பரீட்சைக்கு வராது.

இன்று நடத்தினாள்.

"கொலஸ்ட்ரால்ல ஆரம்பிச்சு, சினைப்பை நடுவுல செய்யறது ஆண் ஹார்மோன். அப்புறம் அதையேதான் ஈஸ்ட்ரோஜனா மாத்துது."

"பொம்பளைங்க உடம்புலயா மிஸ்?" சிரித்தவள்தான் கேட்டாள்.

"எல்லாப் பொம்பளைக்கும். எனக்கும், ஒனக்கும். சிலருக்கு மாறாம கொஞ்சம் கூடுதலா மிஞ்சிரும். அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. தங்கேஸ்வரி நிமிரவும் இல்லை.

மணி அடித்ததும் வராந்தாவில் ஓடிப்போய் அவளை நிறுத்தினாள்.

"தப்புப் பண்ணிட்டேன்மா."

தங்கேஸ்வரி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "எங்க வீட்டுக்கு வந்து இதச் சொல்றீங்களா மிஸ்? எங்கம்மா, நீ பொம்பளப்புள்ளதானாடின்னு கேக்குது."

அன்று சாயங்காலமே போனாள்.

அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆசிரியை எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரிடம் காட்டலாம், மருந்து இருக்கிறது என்றாள். வகுப்பில் தான் செய்ததையும் சொன்னாள்.

அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

அம்மா திட்டவில்லை. டீ போடச் சொல்லி மகளை உள்ளே அனுப்பினாள். உள்ளே அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது.

பிறகு மெல்ல நெருங்கி உட்கார்ந்தாள்.

"அப்ப எனக்கும் இதுதானா டீச்சர்? பதினெட்டு வருசமா, இவ அப்பாவுக்குத் தெரியாமச் செரச்சுக்கிட்டு இருக்கேன்."