மேனேஜர் தேடிய வார்த்தை

“ஆபீஸ்ல இருக்கிற அத்தனை பேர் மெயிலையும் ஒரே தட்டுல தேடிடலாமாமே, நிஜமாம்மா?”

மேனேஜர் கேட்டதும் அவள் பெருமையாகத் தேடல் பெட்டியைத் திறந்தாள். ஆளுக்கொரு ஃபைலாகக் கிடந்த மின்னஞ்சல்களை ஒரே டேட்டாபேஸுக்குள் கொண்டுவந்து, வார்த்தை வார்த்தையாக இண்டெக்ஸ் போட்டு முடித்தவள் அவள்தான். வாடிக்கையாளர் புகாரைத் தேடத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள்.

“தேடலாம் சார். எந்த வார்த்தை எந்த மெயில்ல இருக்குன்னு காட்டிடும். வணக்கம், நன்றி மாதிரி தேடிப் பிரயோஜனம் இல்லாததை மட்டும் அதுவே கழிச்சிடும்.”

“வணக்கமும் நன்றியும் எனக்கு எதுக்கு? ‘உம்மணாமூஞ்சி’ன்னு போடு.”

அவள் விரல்கள் அப்படியே நின்றன.

“லிஃப்ட்ல என் காதாலேயே கேட்டேன். என்னைத்தான் சொல்றாங்க. மனசே விட்டுப்போச்சும்மா. முதல்ல எழுதினது யாருன்னு தெரியட்டும், இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடறேன்.”

முதலில் எழுதியது சாட்சாத் அவளேதான். ஒரு நீளமான மீட்டிங்கின் நடுவே, கணக்குப் பிரிவு அண்ணனுக்கு விளையாட்டாக எழுதியது. அந்த அண்ணன் இப்போது எதிர் மேஜையில், திரைக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டார்.

வேலை போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள்.

‘பொருத்தமான மின்னஞ்சல் எதுவும் இல்லை’ என்றது திரை.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். “ஒண்ணுகூட இல்லையா? சரியா அடிச்சியா?”

“நீங்களே பாருங்க சார்.”

பார்த்தார். அந்த ஆபீஸில் அவருடைய பல்லைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அன்று எல்லோரும் பார்த்தார்கள்.

“சே, நான்தான் தப்பா நினைச்சுட்டேன். தங்கமான பசங்க!” என்றவர், எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டே தன் அறைக்குப் போனார்.

கணக்குப் பிரிவு அண்ணன் ஓடிவந்தார். “பிழைச்சோம் தங்கச்சி! நல்லவேளை, முன்னாடியே எல்லாத்தையும் அழிச்சுட்டே.”

“ஒண்ணைக்கூட அழிக்கலைண்ணே, எனக்கே இப்பத்தான் புரியுது” என்று அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். “பாதி மெயிலுக்கு மேல வர்ற வார்த்தையை இண்டெக்ஸ் தானா கழிச்சிடும். வணக்கம், நன்றியோட நம்ம உம்மணாமூஞ்சியும் சேர்ந்து போயிடுச்சு!”