ஃபோல்டரைத் திறந்துவிட்டவன்

"இனிமே இந்த வீட்டுப் படி மிதிக்காதடா," என்றாள் அக்கா.

தம்பி தலைகுனிந்து நின்றான். மேஜைமேல் கம்ப்யூட்டர். அக்கா மகளின் வீடியோக்கள் இருந்த ஃபோல்டர் காலி.

மகள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. லாரி மோதிய விபத்தில் அவளோடு அவள் ஃபோனும் நசுங்கிவிட்டது. அவள் சிரித்தது, பேசியது, கோபித்தது எல்லாம் அந்த ஃபோல்டரில் மட்டும்தான் மிச்சமிருந்தன.

அழிந்ததை மீட்டுத் தரும் ரெக்கவரி கடைக்காரரும் கையை விரித்துவிட்டார்.

"என்னதான்டா பண்ணின? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"சில வீடியோல சத்தம் வரலைன்னு சொன்னியேக்கா. அதைச் சரிபண்ற பழைய சாஃப்ட்வேர் இதுல ஓடாது. அதனால இதுக்குள்ளேயே இன்னொரு பழைய கம்ப்யூட்டர் மாதிரி ஒண்ணு ஓட விட்டேன். விர்ச்சுவல் மெஷின்னு சொல்லுவாங்க. பாப்பாவோட ஃபோல்டரை அதோட பகிர்ந்தேன்."

"சரி."

"அது காப்பி இல்லக்கா. அதே ஃபோல்டர்தான் உள்ளேயும் தெரியும். உள்ளே அழிச்சா வெளியிலயும் போயிடும். கவனிக்காம அழிச்சிட்டேன்."

அக்கா அவனையே பார்த்தாள்.

"அந்த லாரிக்காரனாவது தெரியாதவன்டா."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம்கூட வரவில்லை.

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். அதுவரை சுவரோரம் வாய் திறக்காமல் நின்ற அக்கா புருஷன் தெருமுனைவரை பின்னாலேயே வந்தார்.

"மாப்ள... நீ அழிக்கலை."

"தெரியும் மாமா. பார்க்க மட்டும்தான் அனுமதி கொடுத்துப் பகிர்ந்திருந்தேன். உள்ளேருந்து எதையும் அழிக்கவே முடியாது. வீட்டுல அக்காவை விட்டா நீங்கதானே இருக்கீங்க."

அவர் முகம் வெளுத்தது. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எழுந்தா பாப்பா குரல், படுத்தா பாப்பா குரல். உங்க அக்கா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. இவளும் போயிடுவாளோன்னு..." முடிக்க முடியவில்லை. "நான்தான் அழிச்சேன் மாப்ள. திரும்ப வராதுன்னு தெரிஞ்சே பண்ணினேன். சரி, நீ ஏன் பழியை ஏத்துக்கிட்ட?"

தம்பி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"என்னை வெறுத்தா, உங்க பக்கத்துல உட்கார்ந்து அழுவா மாமா. உங்களை வெறுத்துட்டா எங்க போய் அழுவா?"