மண்ணில் வந்த முகம்

திருகோணமலை உட்துறைமுகக் கரையில் குழி வெட்டியபோது ஒரு மண்டையோடு அகப்பட்டது. அதன் பிளாஸ்டர் அச்சில் களிமண் பூசி, இறந்தவரின் முகத்தைச் செய்து தரும்படி பொலிஸார் கலைக் கல்லூரியைக் கேட்டார்கள். மட்பாண்டக் கலை படிக்கும் ஜெயரூபி அந்த வேலையைத் தன் வாடகை அறைக்கே கொண்டுவந்துவிட்டாள்.

வீட்டுக்காரர் தயாபரன் தேத்தண்ணியோடு வந்தவர், போகாமல் நின்று பார்த்தார்.

"மூக்கு இன்னும் கொஞ்சம் சப்பையா இருக்கோணும் பிள்ளை."

அவள் அமுக்கினாள். முகத்துக்கு உயிர் வந்தாற்போல் இருந்தது.

"சரியாப் பொருந்துது அங்கிள்!"

"கீழ்ச் சொண்டும் தடிப்பு."

உதட்டையும் தடிப்பாக்கினாள். தயாபரன் கதிரையை இழுத்துப் போட்டு, அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்தார். வெகுநேரம் கண்ணிமைக்கவில்லை.

"இடக் கன்னத்தில மச்சம். அதை விட்டிட்டீங்கள்."

ஜெயரூபி சிரித்தபடி மிளகளவு மண்ணை உருட்டி ஒட்டினாள். ஒட்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது. எலும்பில் மச்சம் தெரியாதே!

எழுந்தாள். "மண் முடிஞ்சுது அங்கிள். கல்லூரிக்குப் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"வாளி நிறையக் கிடக்குதே பிள்ளை," என்றார் தயாபரன், கதவைச் சாத்தியபடி.