உப்பு மூட்டையில் வீச்சு

வலது தோள் மூன்று மாதமாக வலித்தது. உப்பு மூட்டை தூக்கும் மாசானத்துக்குத் தசைநார் கிழிந்திருந்தது. அதை ஆற்றும் ஊசியை ரத்தத்திலிருந்தே தயாரிப்பார்கள்; அவன் ரத்தத்தில் அதற்குச் சத்து போதாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். பரோட்டா மாஸ்டர் இசக்கி இரண்டு குப்பி ரத்தம் கொடுத்தான், மாசானத்தின் ரத்தத்தில் சத்து ஏறியதும் திருப்பித் தரவேண்டும் என்ற பேச்சில். கொடுத்தவனின் கைப்பழக்கம் ஒட்டாதபடி வெள்ளையணுவை வடித்த ஊசிக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். மாசானம் வடிக்காததையே அன்றைக்குப் போட்டுக்கொண்டான்.

வலி போய்விட்டது. ஆனால் முதல் மூட்டையைத் தொட்டதும், இசக்கி மாவு வீசுவதுபோலத் தோள் அதைச் சுழற்றி லாரியில் அறைந்தது. மேஸ்திரி உப்பில் குளித்தார்.

"ஏல, மூட்டையில வீச்சு போடுதியா? நாளையிலருந்து வராத!"

மாசானம் இசக்கியிடம் ஓடினான். "உன் ரத்தம் என் பொழப்பக் கெடுத்துட்டுல. இப்பவே திருப்பி எடுத்துக்க."

இசக்கி வீங்கிய மணிக்கட்டைத் தடவினான். "இந்தக் கை ஊசிக்கு வச்சிருந்த ரத்தத்தத்தான் உனக்குத் தந்தேன், அதான் திருப்பிக் கேட்டேன். ஆனா உன் ரத்தம் ஏறினா, கொதிக்கிற பரோட்டாக் கல்லத் தோள்ல தூக்கி வச்சிருவேனேல!"

அன்று மாலை கல்லடியில் நின்று மாவு வீசியது மாசானம். மேஸ்திரி ஆறு பரோட்டா தின்றுவிட்டு, இன்னொரு வீச்சு கேட்டார்.

இசக்கிக்குத் தரவேண்டிய இரண்டு குப்பி ரத்தம் அப்படியே பாக்கி.