கடந்துபோன கிண்ணம்

"கல்யாண வீட்டுல தண்ணியத் திராட்சரசமா மாத்தினவரே நம்ம ஆண்டவருதான். அவரைவிடவா நாம பரிசுத்தம்?" சபையின் மூப்பர் மேஜையைத் தட்டினார்.

புதிதாக வந்திருந்த போதகர் குரலை உயர்த்தவில்லை. "குடிக்கிறது பாவம்னு நான் சொல்லலை ஐயா. திருவிருந்துல ஒயினுக்குப் பதிலா திராட்சைச் சாறு வைக்கலாமான்னுதான் கேக்கறேன்."

"யாருக்காக? அந்த டிரைவிங் மாஸ்டருக்காகவா? காலி பாட்டில்களைச் சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போனதை என் கண்ணால பாத்திருக்கேன். பாவம், அந்த ஆளால அவர் சம்சாரம் டீச்சரம்மாவும் திருவிருந்துக் கிண்ணத்தைத் தொடறதில்லை."

போதகரும் கவனித்திருந்தார். கிண்ணம் வரும்போது மாஸ்டர் அதை வாங்கி, வாய் வைக்காமல், மனைவியையும் தாண்டி அடுத்தவரிடம் நீட்டிவிடுவார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் செல்ல டீச்சரான மனைவி தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்.

மறுநாள் போதகர் டிரைவிங் ஸ்கூலுக்கே போனார். 'எல்' பலகை மாட்டிய கார் வாசலில் சும்மா நின்றது. உள்ளே, கார் ஓட்டக் கற்றுத்தர வேண்டியவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஆள் வர்றதில்லையா மாஸ்டர்?"

"குடிகாரன்கிட்ட யாரு ஐயா வண்டி பழக வருவாங்க?" மாஸ்டர் சிரித்தார். அதில் துளியும் கசப்பில்லை.

"இப்போ வீட்டுல குடிங்கற பேச்சே இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லலாமே!"

"சொல்லப் போனா பேச்சு வளரும். வேற எங்கேயோ போய் நிக்கும். இப்படியே இருக்கட்டும்."

"மத்தவங்க குடிக்கிறதுல உங்களுக்கு வருத்தமா?"

"சேச்சே! அது அவங்கவங்க மனசாட்சி. அளவோட குடிச்சிட்டு ஆண்டவருக்கு நன்றி சொல்ற நல்லவங்க எத்தனையோ பேர். ஆனா, ஒரு சொட்டு பட்டாலே சறுக்கிடற ஆளும் இருக்குல்ல? அவங்களுக்கும் அந்த விருந்துல ஒரு இடம் வேணாமா ஐயா?"

தன் பலவீனத்தை இவ்வளவு பணிவாக ஒப்புக்கொள்ளும் மனிதரைப் போதகர் பார்த்ததே இல்லை. அன்று முதல் மூப்பரின் வீட்டுக்கு நடையாய் நடந்தார். மூப்பரும் முணுமுணுத்துக்கொண்டே கடைசியில் இறங்கிவந்தார்.

அடுத்த திருவிருந்தில் கிண்ணத்தில் திராட்சைச் சாறு இருந்தது. மாஸ்டர் அதை மனைவியிடம் கொடுத்தார். டீச்சர் இரு கைகளாலும் வாங்கிக் குடித்தார். பிறகுதான் மாஸ்டர் குடித்தார்.

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்ததும் டீச்சர் தனியாக வந்தார். அழுது கண்கள் சிவந்திருந்தன.

"ரொம்ப நன்றி ஐயா."

"உங்க வீட்டுக்காரரைத்தான்மா மெச்சணும். குடியை விடறதுன்னா லேசுப்பட்ட காரியமா?"

டீச்சர் இல்லையென்று தலையசைத்தார்.

"அவர் ஆயுசுல ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை ஐயா. குடிச்சது நான்."