திருப்பிப் போட்ட தெரு

“ரோடு போட்டாச்சு! வழியில நின்ன பதினாலு வீடும் காலி. எனக்கு இருபது புள்ளி!”

சைக்கிள் கடைக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். கணக்கு வாத்தியார் சிரித்தார். தையற்கடை அக்கா மட்டும் மேசையில் விரிந்திருந்த விளையாட்டு அட்டையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து, அவளுடைய துணி வெட்டும் மேசையில் அந்த அட்டையை விரித்திருந்தார். நகரத் திட்ட அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை அவருக்கு.

“ஊரை எப்படி அமைக்கறாங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர்ற விளையாட்டு. எது சரியா வரலைன்னு நீங்க மூணு பேரும் ஆடிப் பார்த்துச் சொல்லணும்” என்றிருந்தார்.

அட்டையில் ஒரு தெரு. நடுவே ஒரு வளைவு, வளைவில் தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டி மூன்று கடைகள். எல்லாவற்றின் மேலும் ரோட்டுக்கான புள்ளிக்கோடு.

மற்ற இருவருக்கும் அவை வெறும் கட்டங்கள். முப்பது வருஷமாகத் துணியின் உள்பக்கத்தைப் பார்த்தே வெட்டித் தைக்கிறவளுக்கு அப்படியில்லை. இடதை வலதாக, வலதை இடதாகப் போட்டுப் பார்த்தாள்.

இதே தெரு. புள்ளிக்கோடு ஏறிப்போகிற நடுக்கடை, அவளுடையது.

துணியில் கோடு விழுந்துவிட்டால் கத்தரி வரும். அது அவளுக்குத் தெரியாதா?

பின்னறையில் கணவர் இருமினார். கட்டிலோடு கிடக்கிற மனுஷரை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவாள்?

“உங்க முறைக்கா” என்றார் மாடிவீட்டுக்காரர்.

“தம்பி, இந்த ரோட்டை இங்க யார் போடச் சொன்னது?”

“விளையாட்டுதானேக்கா.”

“நிஜத்தைச் சொல்லுங்க. உங்க ஆபீஸ்ல முடிவே பண்ணிட்டாங்களா?”

“ஆபீஸ் விஷயத்தை நான் வெளியில பேசக் கூடாதுக்கா. பேசினா வேலை போயிடும். விளையாட்டைப் பத்தி மட்டும் கேளுங்க.”

“அக்காவுக்குத் தோத்துடுவோம்னு பயம்” என்றார் சைக்கிள் கடைக்காரர். “ஆடாம கேள்வியா கேக்கறாங்க பாருங்க வாத்தியாரே!”

அவள் காதில் அது விழவில்லை. அடுத்தவர் வீட்டை இடித்துப் புள்ளி எண்ணுகிற விளையாட்டு! எத்தனை அவசரத்துக்கு இந்த மாடிவீட்டு மனுஷனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்திருக்கிறாள். எல்லாம் தெரிந்தும் எப்படி மனசு வந்தது? அட்டையைச் சுருட்டித் தெருவில் எறியக் கை பரபரத்தது.

“சீட்டு எடுங்கக்கா.” மாடிவீட்டுக்காரர் சீட்டுக்கட்டை அவள் பக்கம் நகர்த்தினார். “மேல இருக்கறது. எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க.”

எடுத்துப் படித்தாள்.

“சாலைத் திட்டத்துக்கு ஆட்சேபம் எழுதிக் கொடுக்கக் கடைசி நாள், இந்த மாதம் இருபத்தெட்டு, மாலை ஐந்து மணி. தெருவில் பாதி வீட்டார் கையெழுத்திட்டால், திட்டத்தை நிறுத்தி மறுபடி விசாரிக்க வேண்டும்.”

“இருபத்தெட்டுன்னா வர்ற வெள்ளிக்கிழமையாச்சே” என்றார் வாத்தியார். “விளையாட்டுல எதுக்கு நிஜத் தேதி?”

கேட்டுவிட்டு, அட்டையைக் குனிந்து பார்த்தார். அவருடைய சிரிப்பு நின்றுபோயிற்று.

மாடிவீட்டுக்காரர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அவள் சீட்டை அட்டையின் மேல் வைத்தாள். “தம்பி... இதை எத்தனை பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கப் போறீங்க?”

“நான் செஞ்சது இந்த ஒண்ணுதான்க்கா” என்றார் அவர், காய்களை அவசரமாக டப்பாவில் அள்ளிப் போட்டபடி. “வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தத் தெருவுல நாப்பது வீட்டுலயும் ஆடிப் பார்த்துடணும்.”